லாருட் ஈய உரிமைகளும் கடிதப் போக்குவரத்தும் (கமுந்திங், 1848–1877)

பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகருக்கு வடக்கே அதை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் கமுந்திங். மலேசியத் தமிழர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் தடுப்பு முகாமைத்தான் நினைப்பார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் அடைக்கப்பட்டது இங்கேதான். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னர் கிளியான் பாரு என்ற பெயரில் இது ஓர் ஈய லம்பமாக (ஈயச் சுரங்கமாக) இருந்தது. இங்கும் அருகிலிருந்த கிளியான் பாவிலும் ஈயம் எடுக்கும் உரிமை யாருடையது என்ற தகராறில் எழுந்த முறையீடுகளும் பதில்களும் ஒப்பந்தங்களும்தான் மலாய் மாநிலங்களில் ஆங்கில ஆட்சி நுழைய வழி செய்தன.

பேராக்கின் ஈயத்துக்காக அந்நியர் ஓலை அனுப்புவது அப்போது புதிதல்ல. 1746ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் டச்சுக் கம்பெனி ஈயம் முழுவதையும் குறித்த விலைக்குத் தனக்கே விற்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. 1818இல் பினாங்கிலிருந்து வந்த கிராக்ராஃப்ட் ஆங்கிலேயர் சார்பில் வணிக உடன்படிக்கை செய்தார். 1826இல் கேப்டன் ஜேம்ஸ் லோ சயாமுக்கு எதிராகப் பாதுகாப்புத் தருவதாக ஓர் ஒப்பந்தம் எழுதினார். கம்பெனி மேலிடம் அதை முறைப்படி ஏற்கவில்லை.

இவ்விரு லம்பங்களும் அடங்கிய லாருட் வட்டாரத்தின் கதை மலாய்த் தலைவர் லோங் ஜாஃபரோடு தொடங்குகிறது. 1848 வாக்கில் இங்கே ஈயம் இருப்பது தெரிந்ததும் அவர் பினாங்கிலிருந்து சீனத் தொழிலாளர்களை வரவழைத்தார். 1850இல் சுல்தான் கொடுத்த அதிகாரக் கடிதம் லாருட்டின் ஆட்சியையும் வருமானத்தையும் அவர் கையில் ஒப்படைத்தது. 1853இல் பிரிட்டன் ஈயத்தின் மீதான இறக்குமதி வரியை நீக்கியது. தகரத் தகடும் தகர டப்பாக்களும் பெருகப் பெருக, இந்தச் சேற்று நிலத்துக்கு மதிப்பு ஏறியது. ஜாஃபருக்குப் பின் அவர் மகன் ங்கா இப்ராஹிம் பொறுப்பேற்றார்.

லம்பத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு இரகசியச் சங்கங்களாகப் பிரிந்திருந்தார்கள். கிளியான் பாவில் ஹாய் சான், கிளியான் பாருவில் கீ ஹின். இரண்டின் பணமும் ஆளும் பினாங்கிலிருந்து வந்தன. லம்பத்துக்குத் தண்ணீர்தான் உயிர். மண்ணைக் கழுவி ஈயத்தைப் பிரிக்க ஓடும் நீர் வேண்டும். 1861இல் ஒரு வாய்க்காலை முன்னிட்டு மூண்ட சண்டையில் ங்கா இப்ராஹிம் ஹாய் சான் பக்கம் நின்றார். கீ ஹின் ஆட்கள் விரட்டப்பட்டார்கள்.

விரட்டப்பட்டவர்கள் சுல்தானோடு நிற்கவில்லை. தாங்கள் பினாங்கின் பிரிட்டிஷ் குடிகள், தங்கள் சொத்துக்கு நஷ்டஈடு வேண்டும் என்று நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் கேவனாவிடம் முறையிட்டார்கள். கேவனா 17,447 வெள்ளி கேட்டு எழுதினார். பணம் வராமல் போகவே 1862இல் லாருட் ஆற்றுமுகத்தைக் கப்பல்களால் அடைத்தார். பணத்தைக் கட்டியவர் ங்கா இப்ராஹிம். அதற்குக் கைமாறாகச் சுல்தான் 1863இல் அவருக்கு ஓராங் காயா மந்திரி என்ற பட்டத்தைக் கொடுத்தார். பாடநூல்கள் பொதுவாக 1874இன் பங்கோர் ஒப்பந்தத்தைத் திருப்புமுனை என்கின்றன. இக்கட்டுரையாளர் பார்வையில் உண்மையான திருப்பம் இந்த 1862தான். லம்பத்தின் வாய்க்கால் தகராறை பிரிட்டிஷ் அரசின் வழக்காக்கலாம், பீரங்கிக் கப்பலைக் காட்டி வசூலிக்கலாம் என்பது அன்றே எல்லாத் தரப்புக்கும் தெரிந்துவிட்டது. அதன்பின் தோற்றவர்கள் ஒவ்வொருவரும் ஆங்கிலேயருக்கே எழுதினார்கள்.

1865இல் சூதாட்டத் தகராறில் மறுபடி சண்டை. 1867 ஆகஸ்டில் பகை பினாங்குத் தெருக்களுக்கே வந்தது. அந்தக் கலவரத்தில் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்களின் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். 1871இல் சுல்தான் அலி இறந்தபோது, பட்டத்துக்கு உரிய ராஜா அப்துல்லாவை விட்டுவிட்டு மாநிலத் தலைவர்கள் இஸ்மாயில் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லம்பச் சண்டையும் அரியணைச் சண்டையும் ஒன்றாகக் கலந்தன. கீ ஹின் அப்துல்லாவின் பக்கம் சாய்ந்தது. மந்திரி ங்கா இப்ராஹிம் இரு சங்கங்களுக்கும் இடையே மாறிக்கொண்டே இருந்தார்.

1873ஆம் ஆண்டின் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேகம் புரியும். செப்டம்பரில் ஆளுநர் ஹாரி ஓர்ட், மந்திரியை லாருட்டின் தனி அதிபதியாக ஒப்புக்கொண்டார். மந்திரிக்காகப் பினாங்கு போலீஸ் அதிகாரி ஸ்பீடி வேலையை விட்டுவிட்டு இந்தியா போய் 110 சிப்பாய்களையும் பீரங்கிகளையும் கொண்டுவந்தார். லண்டனில் செல்வாக்குள்ள சீமோர் கிளார்க் என்பவர், சிலாங்கூர் ஈயத்தில் முதலிட நினைத்தவர்கள் சார்பில், பிரிட்டன் பாதுகாப்புத் தராவிட்டால் மலாய் மாநிலங்கள் வேறொரு வல்லரசிடம் போகும் என்று எழுதினார். செப்டம்பர் 20ஆம் தேதி குடியேற்றத் துறைச் செயலர் கிம்பர்லி, இம்மாநிலங்களில் ஓர் ஆங்கில அதிகாரியை நியமிப்பது தகுமா என்று ஆராய்ந்து அறிக்கை அனுப்பும்படி புதிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு உத்தரவிட்டார். கேட்டது அறிக்கை மட்டும்.

டிசம்பர் 30ஆம் தேதியிட்டு ராஜா அப்துல்லாவின் கடிதம் வந்தது. தன்னைச் சுல்தானாக ஏற்க வேண்டும், ஆட்சிமுறை காட்ட ஓர் அதிகாரியை அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பின்னணியில் சிங்கப்பூர் வணிகர்கள் ரீடும் டான் கிம் செங்கும் இருந்தார்கள்; அப்துல்லா சுல்தானானால் லாருட்டின் வரிக் குத்தகை டான் கிம் செங்குக்கு என்று பேசப்பட்டிருந்தது. ஆள வேண்டியவரின் விண்ணப்பத்தில் வணிகரின் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

1874 ஜனவரி 20 அன்று பங்கோர் தீவருகே புளூட்டோ கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்துல்லா சுல்தானானார், இஸ்மாயில் அங்கே இல்லை. மலாய்ச் சமயமும் வழக்கமும் தவிர மற்றதெல்லாம், வரி வசூல் உட்பட, ரெசிடெண்ட் எனும் ஆங்கில அதிகாரியின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்றாயிற்று. நான்கு மாதத்துக்கு முன் தனி அதிபதியாக இருந்த மந்திரி, சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட தலைவராகக் கையெழுத்திட்டார். சீனத் தலைவர்கள் ஆயுதம் துறப்பதாகவும், மீறினால் 50,000 வெள்ளி அபராதம் கட்டுவதாகவும் தனியே எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் டன்லப், ஸ்வெட்டன்ஹம், பிக்கரிங் ஆகியோருடன் ஹாய் சானின் சுங் கெங் குயீயும் கீ ஹின்னின் சின் ஆ யாமும் உட்கார்ந்து லம்பங்களைப் பங்கிட்டார்கள். கிளியான் பா ஹாய் சானுக்குப் போய் தைப்பிங் ஆனது. கீ ஹின்னுக்குக் கிடைத்தது கமுந்திங். அந்தப் பங்கீட்டுப் பேச்சில் மண் வெட்டிய கூலிக்காரர் ஒருவருக்கும் இடமில்லை.

நிலத்தடிச் செல்வத்தைக் கையெழுத்தால் கைமாற்றும் இந்த வழக்கம் அடுத்த தலைமுறையில் எண்ணெய்க்கு வந்தது. 1901இல் பாரசீக மன்னர் டார்சிக்கு 60 ஆண்டு உரிமை எழுதிக் கொடுத்தார். 1909இல் சரவாக்கின் ராஜா சார்ல்ஸ் புரூக் ஷெல் குழுமத்துக்கு எண்ணெய்க் குத்தகை கொடுத்தார். மறு ஆண்டே மிரியில் எண்ணெய் வந்தது.

லாருட்டுக்குத் திரும்பினால், கடிதம் எழுதிய மலாய்த் தலைவர்களுக்கு அந்தக் கடிதங்கள் நன்மை தரவில்லை. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதை அடுத்து அப்துல்லாவும் ங்கா இப்ராஹிமும் 1877இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சுங் கெங் குயீயும் சின் ஆ யாமும் அதே ஆண்டு மாநில ஆலோசனைச் சபையில் அமர்ந்தார்கள். ஸ்பீடியின் சிப்பாய்ப் படை வளர்ந்து மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் ஆனது. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க இலங்கைப் பயனியர் படையினர் போட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று திறந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்து எழுத்தர்களும், ரப்பரோடு தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களும் இந்த வட்டாரத்தில் வேரூன்றினார்கள்.

மாத்தாங்கில் உள்ள ங்கா இப்ராஹிமின் கோட்டை இன்று அருங்காட்சியகம். இந்தக் கடிதப் போக்குவரத்தின் ஒரு பகுதியை 1874இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்டது. ஆளுநர்களின் மூலக் கடிதக் கட்டுகள் லண்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வரிசையில் உள்ளன.