பால்மாப் பேணியின் வரலாறு

தாய்ப்பால் கிட்டாத சிசுவை வளர்ப்பது எங்ஙனம் என்னும் வினா மிகப் பழைமையானது. செவிலித்தாயை அமர்த்துதலும், பசுவின் பாலையோ ஆட்டின் பாலையோ புகட்டுதலுமே நெடுங்காலமாக மக்கள் கண்ட வழிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் இரசாயன விஞ்ஞானம் இவ்வினாவிற்கு விடை கூற முன்வந்தது. இன்று, வழக்கமாக வாங்கும் பால்மாப் பேணி கடையிலே கிடையாதபோது, "வேறு பாலுக்கு மாற்றினாற் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்று தாய்மார் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. அது பெரும்பாலும் நீங்கியமைக்கும் காரணம் உண்டு. அவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

1865 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் புகழ்பெற்ற இரசாயன அறிஞரான யுஸ்டஸ் பொன் லீபிக் குழந்தைகளுக்கென ஓர் உணவை வகுத்து வெளியிட்டார். பசுப்பால், கோதுமை மா, முளைகட்டிய வாற்கோதுமை மா, சிறிதளவு பொட்டாசியம் பைகாபனேற்று என்பனவே அதன் கூறுகள். தாய்ப்பாலிலுள்ள சத்துகளின் விகிதத்தை அறிந்து, அதே விகிதத்தைக் கலவையிலும் அமைத்துவிட்டால் இரண்டும் ஒன்றே என்பது அவருடைய துணிபு. ஆயினும், 1867 இல் பாரிஸ் நகரத்து மகப்பேற்று வைத்தியரான டெபோல், அவ்வுணவை ஊட்டிய நான்கு சிசுக்கள் சில நாட்களுள் இறந்தன என்று பிரான்சிய மருத்துவக் கழகத்திற்கு அறிவித்தார். அச்செய்தி பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. எனினும் வணிகம் நிற்கவில்லை. அதே 1867 இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலையும் கோதுமை மாவையும் சீனியையும் சேர்த்து, நீர் விட்டுக் காய்ச்சினாற் போதுமான மாவுணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே, 1856 இல், அமெரிக்காவில் கெயில் போர்டன் சுண்டவைத்த பாலுக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார்.

இவற்றின் குறை யாது? புரதம், கொழுப்பு, மாச்சத்து, உப்பு என்பவற்றைத் தவிர உணவில் வேறொன்றும் இல்லையென்றே அக்கால அறிஞர் எண்ணினர். விற்றமின் என்ற சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை. 1883 இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் பார்லோ, எலும்பு நொந்து, முரசு வீங்கி, தொட்டாலே வீறிட்டழும் குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களைப் பற்றியிருப்பது மாலுமிகளுக்கு வரும் ஸ்கேவி நோயே என நிறுவினார். புதிய பாலும் பழச்சாறும் கொடுக்க அந்நோய் தீர்ந்தது. அதைத் தீர்த்தது விற்றமின் சி என்பது 1930 களிலேதான் துலங்கிற்று. குழந்தையை வருத்தியது பேணியில் இருந்த பொருளன்று, இல்லாத பொருளே.

பசுப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஒப்பாக்குவதும் எளிதன்று. பசுப்பாலிற் புரதம் ஏறக்குறைய மும்மடங்கு, உப்புகளும் மிகுதி. இளஞ்சிசுவின் சிறுநீரகம் அச்சுமையைத் தாங்காது. 1890 களில் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் தோமஸ் மோர்கன் றொச், கொழுப்பு இத்தனை வீதம், சீனி இத்தனை வீதம், புரதம் இத்தனை வீதம் என ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கணக்கெழுதிக் கொடுத்தார். குழந்தையின் வயிறு சற்றுக் குழம்பினும் கணக்கு மாறும். குழந்தைப் பாலை 'போமுலா', அதாவது சூத்திரம், என்று ஆங்கிலத்தில் அழைக்கும் வழக்கம் அக்காலத்தின் எச்சமே. பாலை மாற்றுதல் வைத்தியர் கையிலிருந்த நுட்பமான கலையாக அன்று விளங்கிற்று.

பிற்பாடு வேறு வகைகளும் தோன்றின. பசுப்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு, 1909 இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் றூரா சோயா அவரையைப் பரிந்துரைத்தார். 1942 இல், பாற்புரதத்தைச் சிறு கூறுகளாகச் சிதைத்து ஆக்கிய பால் விற்பனைக்கு வந்தது. இவை விளம்பரத்திற்காகப் பிறந்தனவல்ல; தேவைக்காகப் பிறந்தன. ஆயினும் விளம்பரம் எங்கும் பரவிற்று. சீனி சேர்த்துச் சுண்டவைத்த பாலைச் சிசுக்களுக்கு ஏற்றதென விற்பதால் உயிர்கள் மாய்வதைக் கண்ட வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், 1939 இல் சிங்கப்பூர் றோட்டறிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பிலே பேசினார்.

குறை அறிந்த காலத்திலும் குறை நேர்ந்தது. 1978 இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, உப்புக் கூடாதென எண்ணித் தனது சோயாப் பாலிற் சேர்த்த உப்பை நீக்கிற்று. அத்துடன் குளோரைட்டும் மிகக் குறைந்தது. அப்பாலையே நம்பியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிசுக்கள் பசியிழந்து நலிவுற்றன. 1979 இல் உண்மை வெளிப்பட, 1980 இல் அந்நாட்டு மன்றம் குழந்தைப் பாலுக்கெனச் சட்டம் இயற்றிற்று. இன்னின்ன சத்து இவ்வளவிற்குக் குறையலாகாது என அச்சட்டம் வரையறுத்தது. 1981 இல் சர்வதேச உணவுத் தரமும் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விளம்பரஞ் செய்வதற்கு எல்லை கட்டும் ஒழுக்க நெறியை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே. தரம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. 2003 இல் இஸ்ரவேலில் விற்கப்பட்ட சோயாப் பால் ஒன்றில் தயமின் என்னும் விற்றமின் இல்லாமையாற் சிசுக்கள் சில மாண்டன. சில ஆறாத ஊனமுற்றன.

நேயர்களே, ஒரே வகையைச் சேர்ந்த இரு பேணிகளை இன்று ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள இயல்கிறதென்றால், அவ்வுரிமையை ஈட்டித் தந்தவர்கள் அச்சிசுக்களே. 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் பெரும் பால்மாத் தொழிற்சாலை ஒன்று மூடப்பட, கடைகளிற் பேணிகள் அருகின. நலமுடைய குழந்தைகளுக்குச் சாதாரணப் பாலில் எந்தப் பெயருடையதையும் கொடுக்கலாமெனக் குழந்தை வைத்தியர்கள் அப்போது அறிவுறுத்தினர். பாலை நீரால் தெளிவாக்கி நீட்டுதலையும், வீட்டிலே கலவை செய்தலையுமே அவர்கள் கண்டித்தனர். ஆனால் பாற்புரத ஒவ்வாமைக்கோ, பிறவி நோய்க்கோ வைத்தியர் குறித்த சிறப்புப் பாலை அவரைக் கேளாமல் மாற்றுதல் ஆகாது. அது உணவு மட்டுமன்று, மருந்துமாகும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பேணிக்குப் பேணி அளவுக் கரண்டி வேறுபடும். ஒன்றின் கரண்டிக்கு 30 மில்லிலீற்றர் நீரும், மற்றொன்றின் கரண்டிக்கு 60 மில்லிலீற்றர் நீருமாக இருக்கலாம். பழைய பேணியின் கரண்டியைப் புதிய பேணியில் இட்டால் பால் தெளிந்துவிடும், அன்றேல் தடித்துவிடும். பால்மா கிருமி நீங்கியதன்று என்பதால், கொதித்த நீர் 70 பாகை வெப்பத்திற்குக் குறையுமுன் கலந்து, பின் ஆற்றிக் கொடுக்கும்படி உலக சுகாதார தாபனம் பணிக்கின்றது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதும் அதன் அறிவுரையே. அது கிட்டாத வீட்டிலே பேணியைத் திறப்பதில் இழிவொன்றுமில்லை. அதன்மீது அச்சிட்ட சத்துகளின் பட்டியலில் சில வரிகள், ஒரு காலத்திற் பாலில் இல்லாதிருந்தவற்றின் பெயர்களென்பதை மட்டும் நாம் மறவாதிருப்போம்.