ஹெரால்டின் பின் சக்கரங்கள்

பந்தயத்துக்கு வண்டி கட்டத் துடிக்கும் இன்றைய மாணவர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளோடு தினமும் பழகுகிற எனக்கே அது அபூர்வம்தான். ஆனால் பின்பக்க சஸ்பென்ஷனுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்த இந்த வண்டியை, 1961 முதல் நம் வண்டலூரில் தயாரித்தார்கள். பின்னால் ஸ்விங் ஆக்சில்: டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்கும், இரண்டு பாதி ஆக்சில்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும், குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். குழியில் சொகுசுதான். வளைவில் வேகமா திருப்பினாதான் வம்பு. பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும், டயர் ஓரத்தில் நிற்கும், பிடிப்பு போயே போச்சு!

சோழவரம் விமான ஓடுதளத்தில் ஹெரால்டை ஓட்டிய காலத்தில் இது விளையாட்டு விஷயமல்ல. இதற்குத் தெரிந்த வைத்தியம், ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்து, சக்கரங்களின் மேல்விளிம்பு சற்று உள்ளே சாயும்படி பின்பக்கத்தை இறக்குவது. அளவு மீறினால் டயரின் உள்ஓரம் தேயும், வேகத்தடையில் வயிறு தட்டும். டிரையம்ப் கம்பெனியே 1970-ல் ஸ்பிட்ஃபயர் காரில் ஸ்பிரிங்கின் அடிப்பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை அசையவிட்டது.

வண்டலூர்க்காரர்கள் வேறு வழி போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸல் காரில், அம்பாசிடர், ஃபியட் மாதிரியே லைவ் ஆக்சில்! பிற்போக்கு என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. குழியில் குதிக்கும், சரி. ஆனா சக்கரம் மடங்காது; ஈக்காட்டுத்தாங்கல் மாதிரி எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டிவிடலாம்.