அழகர்மலையில் ஒரு கொழு வணிகன்

ஊருக்குப் போனால் அழகர்கோயிலுக்குப் போகாத அன்பர்கள் குறைவு. அதே மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள குகையை எட்டிப் பார்த்தவர்களோ மிகக் குறைவு. சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள் அங்கே உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உண்டு, கி.மு. முதல் நூற்றாண்டு என்று கணித்தார் ஐராவதம் மகாதேவன்.

மாங்குளத்தில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்று வணிகர் சங்கமே கொடை தந்தது. இங்கே தனித்தனி ஆள். பேரோடு சரக்கும் பொறித்திருக்கிறது. உப்பு வணிகன், அறுவை (துணி) வணிகன், பாணித (வெல்லப்பாகு) வணிகன், கொழு வணிகன்.

எனக்கு வியப்பு இந்தக் கொழு வணிகன்தான். முழுக் கலப்பையை அவன் சொல்லிக்கொள்ளவில்லை, பாருங்கள்! மரவேலையை உள்ளூர்த் தச்சனே முடித்திருப்பான் என்பது என் ஊகம். இரும்புக் கொழு உழ உழத் தேயும். மறுபடி இவனிடம்தான் வரணும். உப்பும் அப்படித்தான், மதுரையில் கடல் ஏது?

1986-ல் பம்பாயில் நான் போட்டது பலசரக்குக் கடை. அக்கம்பக்கத்தில் அதே சரக்கோடு நாலு கடை. மூன்றே வருஷத்தில் கையைச் சுட்டுக்கிட்டேன். பிறகு காப்பிப்பொடி மட்டும் அரைத்தேன். எங்கள் தெருவில் இன்றும் என் பேர் பலருக்குத் தெரியாது. காப்பிப்பொடிக்காரர் என்றால் வீட்டைக் காட்டுவாங்க.