பின்னோக்கி ஓடிய நாற்பது வருஷம்

ரஷ்னு ஒரு கனடா ராக் குழு. மூணே பேர். பேஸ் கிடாரும் பாட்டும் கெடி லீ, கிடார் அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸ் நீல் பியர்ட். பாட்டு வரிகளையும் பெரும்பாலும் பியர்ட்தான் எழுதுவார். 7/8, 5/4ன்னு தாளக்கணக்கு போட்டுத் தாளிக்கிறதால, நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆசாமிகளுக்கு இவங்கமேல ஒரு தனிப் பாசம் :-)

குழு ஆரம்பிச்சது 1968ல. முதல் ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சவர் ஜான் ரட்ஸி. 1974 ஜூலைல அவர் இடத்துக்கு பியர்ட் வந்தார். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஆள் மாறவே இல்லை. 40வது ஆண்டுன்னு அவங்க கொண்டாடினது இந்தக் கணக்குலதான்.

அதையொட்டி 2014ல 'ஆர் 40'ன்னு ஒரு வீடியோ தொகுப்பு வந்தது. டிவிடியா வாங்கினா பத்து தட்டு. அதுல ரெண்டு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, 2002 நவம்பர்ல ரியோவோட மரக்கானா மைதானத்துல நடந்த கச்சேரி. 1997ல பியர்ட்டோட மகள் கார் விபத்துல இறந்தாங்க. அடுத்த வருஷமே மனைவி புற்றுநோயில போயிட்டாங்க. மனுஷன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு சுமார் 88,000 கிலோமீட்டர் சுத்தினார். மத்த ரெண்டு பேரும் வேற டிரம்மரைத் தேடலை, காத்திருந்தாங்க. அது தெரிஞ்சப்புறம் ரியோவைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு.

ரெண்டாவது, 1974ல செயின்ட் கேத்தரின்ஸ் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல ரட்ஸியோட வாசிச்ச காட்சி. அது பியர்ட் வளர்ந்த ஊர்ங்கறதுதான் வேடிக்கை!

இனி 2015 சுற்றுப்பயணம். வழக்கமா இந்த மாதிரி விழான்னா பழசுலேர்ந்து புதுசுக்கு வருவாங்க. இவங்க தலைகீழா போனாங்க. 2012 ஆல்பத்துல ஆரம்பிச்சு 1974ல முடிச்சாங்க. பாட்டு பின்னால போகப் போக, மேடைச் சாமான்களையும் ஆட்கள் வந்து ஒவ்வொண்ணா கழட்டிட்டுப் போவாங்க. கடைசியில பார்த்தா ஒரு பள்ளிக்கூட ஜிம், நாற்காலிமேல ஆம்ப்ளிஃபயர். அவ்வளவுதான். 'எவ்வளவு உசரம் வந்துட்டோம் பாரு'ன்னு காட்டாம, 'இங்கேருந்துதான் வந்தோம்'னு காட்டி முடிச்சாங்க. எனக்கு அவங்ககிட்ட பிடிச்சதே இதான்.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஃபோரம் அரங்கம், கடைசிக் கச்சேரி. பொதுவா கச்சேரி முடிஞ்சா பியர்ட் டிரம்ஸ் பின்னாலேயே கிளம்பிப் போயிடுவார், முன்மேடைக்கு வரவே மாட்டார். அன்னிக்கு வந்தார். ரெண்டு நண்பர்களையும் கட்டிப்பிடிச்சார். ஆர் 40 லைவ் டிவிடியில இது கிடையாது. அதை ஜூன்லயே டொராண்டோல படம்பிடிச்சுட்டாங்க. ரசிகர்கள் செல்போன்ல எடுத்ததைத்தான் தேடிப் பார்க்கணும்.

2020 ஜனவரி 7ல மூளைப் புற்றுநோயால பியர்ட் இறந்துட்டார், வயசு 67. 2025 அக்டோபர்ல லீயும் லைஃப்சனும் அனிகா நில்லஸ்ங்கற ஜெர்மன் டிரம்மரோட மறுபடி கிளம்பப்போறதா அறிவிச்சாங்க. முதல் கச்சேரிக்கு அவங்க குறிச்ச இடம்? அதே ஃபோரம். விட்ட இடத்துலேர்ந்துதான் தொடரணும்னு நினைச்சிருப்பாங்க போல.

தொகுப்பைப் பார்க்கிறவங்க அந்தப் பள்ளிக்கூடக் காட்சியை மட்டும் கடைசியில பாருங்க. அவங்களே போட்டுக் கொடுத்த வரிசை அதுதானே!