படிகமாகாத மிச்சம்

அட்ரினல் சுரப்பி கெட்டவர்கள் தோல் கறுத்து, நாளுக்கு நாள் சோர்ந்து இறந்துபோவதை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் எழுதிவைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு நியூயார்க்கில் ராபர்ட் லோப் இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். சோடியம் குறைந்திருந்தது. உப்பைக் கூட்டிக் கொடுத்ததும் தேறினார்கள். அப்படியானால் சிறுநீரில் உப்பு ஒழுகிப் போகாமல் காக்கும் ஏதோ ஒன்று அட்ரினலில் சுரக்க வேண்டும்.

அதைத் தேடி வேதியியலாளர்கள் மாட்டின் அட்ரினல்களைக் கிலோக் கணக்கில் கரைத்து வடித்தார்கள். சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைன் படிகம் படிகமாகப் பல ஸ்டீராய்டுகளைப் பிரித்தெடுத்தார். அந்தப் பணிக்காக 1950இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் படிகங்களையெல்லாம் எடுத்த பின் அடியில் தங்கிய, படிகமாகாத மிச்சத்துக்குத்தான் உப்பைப் பிடித்துவைக்கும் வீரியம் அதிகம். இது தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் யாராலும் அதற்குள் புக முடியவில்லை. அதை அளக்க ஒரு கருவி இல்லை.

அந்தக் கருவியைக் கொடுத்தது லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனை. ஜேம்ஸ் டெய்ட் இயற்பியலாளர். சில்வியா சிம்ப்சன் உயிரியலாளர். அட்ரினல் நீக்கிய எலிகளுக்குக் கதிர்வீச்சுடைய சோடியம் 24, பொட்டாசியம் 42 இரண்டையும் ஊசியில் ஏற்றி, சிறுநீரில் அவை எந்த விகிதத்தில் வருகின்றன என்று பார்த்தார்கள். சோடியம் 24இல் பாதி 15 மணி நேரத்தில் அழிந்துவிடும். ஆற அமரச் செய்யும் வேலையல்ல. நோபல் வாங்கிய வேதியியலைவிட இந்த எலிச் சோதனையையே நான் பெரிதாக மதிக்கிறேன். மிகச் சிறு அளவையும் அது காட்டிக்கொடுத்தது. 1952இல் ஹிலரி கிரண்டியுடன் சேர்ந்து நேச்சர் இதழில் அவர்கள் அறிவித்தது, அதுவரை யாரும் பிரித்தெடுக்காத ஒரு பொருளை.

பிறகு ரைக்ஸ்டைனும் சீபா நிறுவன வேதியியலாளர்களும் கைகோத்தார்கள். 500 கிலோ மாட்டு அட்ரினலிலிருந்து 1953இல் கிடைத்த தூய படிகம் சுமார் 21 மில்லிகிராம். அதுதான் ஆல்டோஸ்டிரோன்.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதனுடன் இறங்கும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பெரும்பகுதி வழியிலேயே மீட்கப்படுகிறது. கடைசியில் எஞ்சும் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் ஆல்டோஸ்டிரோனின் பொறுப்பு. அற்பம் என்று தோன்றும். ஆனால் அதுவே 30 கிராமுக்குக் குறையாது, ஒரு நாள் சாப்பாட்டில் நாம் உண்ணும் உப்பைவிட மிக அதிகம். ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து மரபணுக்களைத் தூண்டுகிறது. சோடியம் நுழையும் வாயில்கள் பெருகுகின்றன. சோடியம் உள்ளே வர, பொட்டாசியம் சிறுநீருக்குப் போகிறது.

அளவு மிஞ்சினால்? மிச்சிகனில் ஜெரோம் கான் 1954இல் அதைக் கண்டார். 34 வயதுப் பெண். உயர் இரத்த அழுத்தம், தசைத் தளர்ச்சி, இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. அறுவைசிகிச்சையில் வலப்பக்க அட்ரினலில் ஒரு கட்டி இருந்தது. அதை அகற்றியபின் அவர் தேறினார்.

உப்பை வெளியேற்றச் சொல்லும் எதிர் ஹார்மோன் இதயத்திலிருந்தே வருவதை 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் காட்டினார். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)