ஜிப்சம் மூட்டையும் பீர் பீப்பாயும்

தஞ்சாவூர் மாவட்டத்தில் கடலை போடுகிறவர்களுக்கு ஜிப்சம் புதிதல்ல. விதைத்த 40-45 நாளில் மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்வது வழக்கமான பரிந்துரை. காய் திரட்சியாகப் பிடிக்க அதிலுள்ள கால்சியமும் கந்தகமும் வேண்டும். இதே ஜிப்சம்தான் இருநூறு வருடங்களுக்கு முன் இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பீர் வியாபாரத்தை ஒரு ஊரிடமிருந்து பிடுங்கி இன்னொரு ஊரிடம் கொடுத்தது என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஐஸ் மெஷின் இல்லாத காலத்தில் நம் சமவெளி வெயிலில் பீர் காய்ச்ச முடியாது. அதனால் மதராஸ், கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு பீர் இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. கிழக்கு லண்டனில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை இந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. கப்பல் கேப்டன்களுக்கு நீண்ட தவணைக் கடன் கொடுத்ததே அதன் பலம். பிறகு பேராசை வந்தது. கடனை நிறுத்தி, விலையை ஏற்றி, கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தானே நேரடியாக விற்கப் பார்த்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான மார்ஜோரிபேங்க்ஸ் 1822 வாக்கில் சாமுவேல் ஆல்சாப்பை அழைத்து, "இதே மாதிரி பீர் உங்களால் செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆல்சாப் பர்ட்டன் என்ற சிற்றூரில் ஆலை வைத்திருந்தவர். ரஷ்யா இறக்குமதி வரியைக் கூட்டியதால் பர்ட்டன்காரர்கள் அந்தச் சந்தையை இழந்து நின்ற நேரம் அது. செய்து பார்த்தார்கள். அசலை விட நகல் நன்றாக வந்தது! நிறம் வெளிறி, கசப்பு சுத்தமாக இருந்தது. சில வருடங்களில் இந்தியச் சந்தை பர்ட்டன் கைக்குப் போனது.

காரணம் கிணற்றுத் தண்ணீர். பர்ட்டனின் நிலத்தடியில் ஜிப்சம் படிவங்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கும்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். (முளைத் தானியத்தின் இந்த வித்தை தமிழருக்கும் தெரிந்ததுதான். அரிசிக் களியை ஆறவைத்து, நெல்முளை சேர்த்து, இரண்டு நாள் சாடியில் விளையவிடும் வீட்டுக் கள்ளின் செய்முறை பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறது.) இந்த என்சைம்கள் நன்றாக வேலை செய்ய இலேசான புளிப்பு வேண்டும். கால்சியம் தானியத்திலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து படியும்போது அந்தப் புளிப்பு உண்டாகிறது. ஜிப்சத்தின் இன்னொரு பாதியான சல்பேட், ஹாப்ஸ் பூவின் கசப்பைத் தூக்கிக் காட்டுகிறது. லண்டன் தண்ணீரில் இருந்த கார்பனேட்டோ புளிப்பை முறித்துவிடும். அதற்குக் கருக வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு பீர்தான் பொருத்தம்.

அன்று இந்த வேதியியல் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தண்ணீர் அங்கே இருக்கிறது என்பதுதான். அதனால் பெரிய கம்பெனிகளே இடம் பெயர்ந்தன. இன்ட் கூப் 1856-லும், லண்டனின் ட்ரூமன் 1873-லும் பர்ட்டனுக்குப் போய் ஆலை வைத்தன. வேதியியலாளர் சார்லஸ் வின்சென்ட் காரணத்தைக் கண்டு சொன்ன பிறகு, எந்த ஊர்த் தண்ணீரிலும் ஜிப்சம் கலந்து அதைப் பர்ட்டன் தண்ணீராக்கலாம் என்றானது. பர்ட்டனின் இயற்கை ஏகபோகம் ஒரு மூட்டைக்குள் அடங்கிவிட்டது.

புளிப்பை அளக்கும் பிஎச் அளவுகோலும் பீர் ஆலையில் பிறந்ததுதான். தரங்கம்பாடியை 1845-ல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்கள் நாட்டில் கார்ல்ஸ்பெர்க் ஆலை தொடங்கியது. அதன் ஆய்வகத்தில் 1909-ல் சோரன்சன் பிஎச் முறையை உருவாக்கினார். இன்று டெல்டா விவசாயியின் மண் பரிசோதனை அட்டையில் இருப்பதும் அதே பிஎச்தான்.

வீட்டில் பீர் காய்ச்ச அனுமதியுள்ள நாடுகளில் இப்போது ஒரு கரண்டி ஜிப்சத்தில் தண்ணீரைச் சரிசெய்துகொள்கிறார்கள். (தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

ஆனால் எல்லாத் தண்ணீரையும் மூட்டை காப்பாற்றாது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் வயல்களில் கடல்நீர் ஏறியபோது, அங்கேயும் ஜிப்சம் போட்டார்கள். ஜிப்சத்தின் கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். தளர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்ற மழையோ ஆற்று நீரோ வேண்டும். கடைமடையில் காவிரி வராத வருடங்களில், போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் கடலோர ஊர்களில், அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

தண்ணீரில் உப்பைச் சேர்க்க ஒரு கரண்டி போதும். மண்ணிலிருந்து உப்பை எடுக்க ஒரு ஆறே வேண்டியிருக்கிறது.