அகதிப் பிள்ளையும் பள்ளிச் சேர்க்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

1938 டிசம்பரில் அனைத்துலக அருட்பணி மன்றத்தின் மாநாடு தாம்பரத்தில் கூடியதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அம்மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறுவதாக இருந்தது. சீன-ஜப்பானியப் போரினால் அங்கே கூட இயலாமற் போகவே, முந்திய ஆண்டில்தான் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அதற்கு இடமளித்தது. போரினால் இடம்பெயர்ந்த மாநாட்டை ஏற்ற இந்த வட்டாரத்தில், போரினால் இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வாறு ஏற்றன என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

இலங்கையிலிருந்து வந்தோர் இரு வகையினர். 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்களுள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. இவர்கள் தாயகம் திரும்பியோர் என்னும் பெயருடன், இந்தியக் குடிமக்களாக வந்தனர். எனவே இவர்தம் பிள்ளைகள் எந்நாட்டினர் என்னும் கேள்வி பள்ளியில் எழவில்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்தோரின் நிலை வேறு. உயிர் தப்பினால் போதுமெனப் படகேறியோரிடம் மாற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எதிர்பார்த்தல் கூடுமோ? முற்காலத்தில் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் தங்கவைத்த மண்டபம் முகாமே இப்பொழுது இவர்களை வரவேற்கும் முதல் இடமாயிற்று. அங்கிருந்து பலர் பல மாவட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வசதியுள்ளோர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வாடகை வீடுகளில் குடியேறினர். எம்.ஜி.ஆர். அரசு இப்பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளைத் திறந்துவிட்டதோடு, தொழிற்கல்லூரிகளிலும் சில இடங்களை ஒதுக்கிற்று. 1984 இல் எஸ். சி. சந்திரகாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளைக் கொண்டே முகாம்களில் கல்விப் பணி நடத்திற்று.

1991 மே 21 அன்று, தாம்பரத்திற்கு மேற்கே திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். அக்கொடுஞ்செயலின் விளைவு, அதில் யாதொரு பங்குமில்லாத பிள்ளைகளையும் தாக்கிற்று. கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. உயர்கல்விக்கான இடங்கள் மூடப்பட்டன. முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் பணியாற்றுவதற்கும் தடை வந்தது. 1996 இல் ஆட்சி மாறிய பின்னரே இவை மெல்ல மெல்லத் தளர்ந்தன. இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகள், ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பை எட்டும் காலமாகும். அரசின் ஆணையை மீண்டும் மாற்றிவிடலாம். பிள்ளையின் வயதைத் திருப்பித் தருதல் எவராலும் இயலாது.

இனிச் சட்டத்தின் சொல்லை நோக்குவோம். 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, மொழி காரணமாகக் கல்விக்கூடச் சேர்க்கை மறுக்கப்படலாகாது என்கிறது. ஆயினும் அப்பாதுகாப்பைக் குடிமகனுக்கே அளிக்கிறது. 2002 இல் சேர்க்கப்பட்ட 21-அ பிரிவோ, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரையும் குறிக்கிறது. குடிமகன் என்னும் சொல் அதில் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கலாகாது எனவும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டலாகாது எனவும் விதிக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1982 இல், டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றிய வழக்கில், பெற்றோர் அனுமதியின்றிக் குடியேறியதற்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக வழங்கிய தீர்ப்பு அது. தந்தையின் அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்னும் எசேக்கியேல் 18 ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு இந்த நியாயம் புதிதன்று.

இக்கேள்வி ஈழத்தமிழரோடு முடிந்துவிடவில்லை. தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள கேளம்பாக்கத்தில், 2012 ஆம் ஆண்டளவில் பர்மாவிலிருந்து வந்த ரோகிங்கியா அகதிகள் புயல் பாதுகாப்பு மையமொன்றில் தங்கினர். அவர்தம் பிள்ளைகள் அவ்வூர் அரசுப் பள்ளியில் தமிழ் பயின்றனர். ஆனால் தில்லியிலோ இத்தகைய பிள்ளைகளின் சேர்க்கை வழக்காயிற்று. 2024 இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர்கள் அயல்நாட்டினர் என்பதைச் சுட்டித் தலையிட மறுத்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவர்கள் அரசுப் பள்ளிகளை அணுகலாம் எனவும், சேர்க்கை மறுக்கப்படின் உயர் நீதிமன்றத்தை நாடலாம் எனவும் கூறிற்று.

பள்ளி வாசல் திறந்தபின்னும் இடர் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. 1987 ஜூலை 1 முதல், இந்திய மண்ணிற் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிட்டுவதில்லை. எனவே முகாமிற் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைக் கற்றுத் தேறிய இளைஞருட் பலர், பட்டம் பெற்றும் அரசுப் பணியைப் பெற இயலாதவராய் நிற்கின்றனர். 2021 இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாறிற்று. கல்வி உதவித்தொகையும் உயர்ந்தது. குடியுரிமையோ மாநில அரசின் கையில் இல்லை.

நம்மை நேரடியாகத் தொடும் செய்தியொன்று எஞ்சியுள்ளது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிற்று. 2025 இல் அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பப்பட்டு, அது பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அவ்விலக்கு நிலைக்கும் வரையில், அச்சட்டத்தின் பெயரால் ஓர் அகதிப் பிள்ளை அரசுப் பள்ளியின் கதவைத் தட்டலாம். திருச்சபைப் பள்ளியின் கதவைத் தட்ட இயலாது. அரசுப் பள்ளியைக் கட்டுப்படுத்தும் கடமை நம் பள்ளியைக் கட்டுப்படுத்தாததை நாம் சலுகையென மகிழ்தல் தகுமோ?

நம் போதகருள் பலர் பள்ளித் தாளாளராகவும் பணியாற்றுகின்றனர். ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இல்லாத பிள்ளையொன்று ஜூன் மாதத்தில் அவர்முன் வந்து நிற்கக்கூடும். அப்பொழுது அவர் முதலிற் கேட்கவேண்டியது பிள்ளையின் பெயரும், வயதும், அதுவரை படித்த வகுப்புமே. ஏனைய தாள்களைப் பின்னர் தேடித் தரலாம். அவற்றைத் தேடித் தருவதும் ஆயர் பணியின் ஒரு பகுதியே ஆகும்.